வீட்டுக்காரர் அங்கே குடியிருக்கிறாரா?

2023 நவம்பரில், ஹவாயின் மாவித் தீவில் உள்ள கானபாலி கடற்கரையில் கூடாரங்கள் எழுந்தன. கூடாரங்களின் முன்னால் மணலில் தூண்டில்கள் ஊன்றப்பட்டிருந்தன. மீன் பிடிப்பவர்கள் இரவிலும் கரையில் இருக்க ஹவாயில் உரிமை உண்டு. அந்த உரிமையைக் காட்டித்தான் அவர்கள் அங்கே உட்கார்ந்தார்கள். கேட்டது, குடியிருக்க வீடு.

அவர்களில் பலர் லஹைனா நகரத்துக்காரர்கள். ஒரு காலத்தில் ஹவாய் அரசின் தலைநகராக இருந்த அந்த ஊரை அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று காட்டுத்தீ விழுங்கியது. 102 பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. சுமார் 12,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். உயிர் தப்பியவர்கள் மாதக்கணக்கில் ஓட்டல் அறைகளில் குடும்பத்தோடு முடங்கிக் கிடந்தார்கள். அதே கரையோரத்தில், தீ எட்டாத அடுக்குமாடி வீடுகளில் சுற்றுலாப் பயணிகள் வந்து தங்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வீடுகளில் பெரும் பகுதி, தீவுக்கு வெளியே வசிப்பவர்களுக்குச் சொந்தம்.

2024 மே மாதம் மாவி மேயர் ரிச்சர்ட் பிஸன் ஒரு திட்டத்தை அறிவித்தார். குடியிருப்புக்கென்று ஒதுக்கப்பட்ட அடுக்குமாடி மண்டலங்களில் நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் விடப்படும் சுமார் 7,000 வீடுகளை, படிப்படியாக, நிரந்தரக் குடியிருப்புக்குத் திருப்புவது என்பதே அது. ‘மசோதா 9’ என்ற பெயரில் அது கவுன்சிலுக்கு வந்தது. ஒன்றரை ஆண்டு நீண்ட வாதங்களில் தீவே இரண்டாகப் பிரிந்து நின்றது. 2025 டிசம்பரில் கவுன்சில் அதை நிறைவேற்ற, மேயர் கையெழுத்திட்டார். மேற்கு மாவிக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு, மற்றப் பகுதிகளுக்கு ஐந்து ஆண்டு அவகாசம்.

வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் திருட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை. 1989க்கு முன் கட்ட அனுமதி பெற்ற கட்டடங்களில் நாள் வாடகை செல்லும் என்று மாவி நிர்வாகத்தின் துணைச் சட்ட ஆலோசகர் ரிச்சர்ட் மினடோயா 2001இல் எழுத்து மூலம் கருத்துச் சொன்னார். அவர் பெயராலேயே ‘மினடோயா பட்டியல்’ என்று ஒன்று உருவாகி நிலைத்தது. அந்தப் பட்டியலை நம்பித்தான் பலர் கடன் வாங்கி வீடு வாங்கினார்கள். குடியிருப்பவர் கட்டுவதைவிடக் கூடுதல் விகிதத்தில் சொத்து வரியும் கட்டினார்கள். அந்த வரியை ஆண்டுதோறும் வாங்கிக்கொண்ட அதே நிர்வாகம், இப்போது அந்தத் தொழிலே கூடாது என்கிறது.

உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான ஊர்களில் இதே வழக்கு வேறு வேறு பெயர்களில் நடந்துகொண்டிருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய வீட்டை என்ன செய்வது என்பதை அதன் சொந்தக்காரர் முடிவு செய்வதா, ஊர் முடிவு செய்வதா? இப்படி எதிரெதிராக நிறுத்திக் கேட்கும்வரை இதற்கு விடை கிடைக்காது. முதலில் கேட்க வேண்டியது வேறு: அந்த வீட்டில் சொந்தக்காரர் குடியிருக்கிறாரா? குடியிருப்பவரின் உரிமையை உள்ளாட்சி எளிதில் தொடக் கூடாது. குடியிருக்காமல் வீட்டை ஓட்டல் அறையாக ஓட்டுபவரிடம், நியாயமான அவகாசம் கொடுத்து, போதும் என்று சொல்லும் அதிகாரம் உள்ளாட்சிக்கு இருந்தே ஆக வேண்டும்.

சொத்துரிமையை மதத்தைப் போல் மதிக்கும் நாடு அமெரிக்கா. அங்கேகூட, வீட்டுப் பத்திரம் கையில் இருப்பதால் அந்த இடத்தில் எந்தத் தொழிலையும் செய்யலாம் என்ற நிலை நூறாண்டுகளாக இல்லை. ஓஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர், எந்தப் பகுதியில் வீடு, எந்தப் பகுதியில் கடை, எங்கே தொழிற்சாலை என்று மண்டலம் பிரித்தது. நிலத்துக்குச் சொந்தக்காரரான ஒரு நிறுவனம் வழக்குப் போட்டது. 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே நீதிமன்றம் மறுபக்கத்தையும் சொல்லியிருந்தது: கட்டுப்பாடு எல்லை மீறிப் போனால், அது சொத்தைப் பறித்ததற்குச் சமம், அரசு இழப்பீடு தர வேண்டும். இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் இன்றைய நாள் வாடகை வழக்குகள் எல்லாம் நடக்கின்றன.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை எடுத்துக்கொள்ளலாம். குடியிருப்புப் பகுதியில் நாள் வாடகைக்கு உரிமம் வேண்டுமென்றால், அந்த இடத்திலேயே உரிமையாளர் குடியிருக்க வேண்டும் என்று நகராட்சி விதி செய்தது. பழைய உரிமங்கள் புதுப்பிக்கப்படாத வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022 ஆகஸ்டில் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. நாள் வாடகை உரிமம் என்பது நகராட்சி தரும் சலுகை. அதைப் புதுப்பித்தே தீர வேண்டும் என்பது சொத்துரிமை ஆகாது. இது நகராட்சிக்கு வெற்றி. ஆனால், உள்ளூரில் குடியிருப்பவருக்கு மட்டும் உரிமம் என்பது வெளிமாநிலத்தவரைப் பாகுபடுத்துகிறது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைக் காக்கும் அரசியல் சாசன விதிக்கு அது முரண். இது நகராட்சிக்குத் தோல்வி. நகராட்சி 2023இல் வேறு வழி பிடித்தது. நான்கு தெருக்களுக்கு நடுவில் உள்ள ஒரு மனைத்தொகுதிக்கு ஓர் உரிமம். போட்டி இருந்தால் குலுக்கல்.

டெக்சஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் காற்று வேறு திசையில் அடித்தது. உரிமையாளர் குடியிருக்காத நாள் வாடகை வீடுகளைக் குடியிருப்புப் பகுதிகளிலிருந்து 2022க்குள் அகற்றுவது என்று அந்நகரம் 2016இல் விதி கொண்டுவந்தது. அதோடு நிற்கவில்லை. அந்த வீடுகளில் எத்தனை பேர் கூடலாம், எத்தனை மணி வரை கூடலாம் என்பதற்கும் எல்லை வகுத்தது. 2019 நவம்பரில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையுமே ரத்து செய்தது. சட்டப்படி நடந்துகொண்டிருந்த ஒரு பயன்பாட்டைப் பின்னோக்கிச் சென்று செல்லாததாக்குவது டெக்சஸ் சாசனத்துக்கு விரோதம் என்பது முதல் காரணம். கூடுகிற உரிமையில் நகராட்சி கை வைத்தது இரண்டாவது காரணம். அந்த இரண்டாவது பகுதி நியாயமான தீர்ப்பு. சத்தம் அதிகமானால் சத்தத்துக்கு அபராதம் போடலாம். ஆறு பேர் கூடினார்கள் என்பதற்காக ஒரு வீட்டைக் குற்றவாளியாக்க முடியாது.

இந்த இரண்டு வழக்குகளிலும் நகராட்சிகள் கோடு கிழித்த இடம் ஒன்றே: உரிமையாளர் குடியிருக்கிறாரா, இல்லையா. தோற்றபோதும் அவை இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2007இல் சான்பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டச் சிரமப்பட்ட இளைஞர்கள், நகரத்தில் ஒரு மாநாடு நடந்த நேரம் பார்த்து, தங்கள் வீட்டுக் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு விருந்தினர்களைத் தங்கவைத்தார்கள். அடுத்த ஆண்டு அது ஏர்பிஎன்பி நிறுவனமானது. தான் வாழும் வீட்டில் ஒரு மூலையைப் பயணிக்குக் கொடுத்து, காலைச் சாப்பாடும் போட்டு, நாலு காசு சம்பாதிப்பது என்ற அந்த எண்ணத்தில் யாருக்கும் இழப்பு இல்லை. கணவரை இழந்த ஒரு மூதாட்டி மாடி அறையை வார இறுதியில் வாடகைக்கு விட்டால், ஊரில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய வீடு குறைவதில்லை. அந்த வருமானத்தில்தான் அவர் தன் வீட்டிலேயே தொடர்ந்து இருக்க முடிகிறது.

ஆனால் அதே செயலியில், ஒருவரே பத்து வீடு, இருபது வீடு வாங்கி, சாவிப் பெட்டியை வாசலில் மாட்டிவிட்டு, எங்கோ இருந்துகொண்டு நடத்தும் வியாபாரமும் நடக்கிறது. அங்கே ஒவ்வொரு வீடும் குடியிருப்புக் கணக்கிலிருந்து கழிந்து, ஓட்டல் கணக்கில் ஏறுகிறது. கைல் பேரன், எட்வர்ட் குங், டேவிடே புரோசெர்ப்பியோ என்ற மூன்று பொருளியலாளர்கள் அமெரிக்கா முழுவதற்குமான தரவுகளை எடுத்து ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு இதை எண்ணில் காட்டுகிறது. ஒரு பகுதியில் ஏர்பிஎன்பி பட்டியல் 1 சதவீதம் கூடினால் வாடகை 0.018 சதவீதமும் வீட்டு விலை 0.026 சதவீதமும் கூடுகின்றன. பார்ப்பதற்கு மிகச் சிறிய எண்கள். ஆனால் பட்டியல் சில ஆண்டுகளில் பல மடங்காகப் பெருகிய ஊர்களில் இவை சேர்ந்து கனத்துவிடும். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: உரிமையாளர்களே குடியிருக்கும் வீடுகள் அதிகமுள்ள பகுதிகளில் இந்த விளைவு குறைவு. குடியிருப்பவர் தன் வீட்டை ஓட்டலாக முழுமையாக மாற்றிவிட மாட்டார் என்பதுதான் அதற்கு விளக்கம்.

உள்ளாட்சியின் கையிலிருந்து இந்த அதிகாரத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனா மாநிலம் பாடம். 2016இல் அங்கே மாநில அரசு, எந்த நகரமும் நாள் வாடகையைத் தடை செய்யக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆளுநர் டக் டூசி கையெழுத்திட்டார். வீட்டுக்காரரின் உரிமை காக்கப்பட்டது என்று கொண்டாடினார்கள். செம்பாறைக் குன்றுகள் சூழ்ந்த செடோனா, சுமார் 10,000 பேர் வாழும் சிற்றூர். சுற்றுலாதான் அதன் பிழைப்பு. சில ஆண்டுகளில் அங்கே ஏறத்தாழ ஏழு வீடுகளுக்கு ஒன்று நாள் வாடகைக்குப் போய்விட்டது. உணவகத்தில் பரிமாறுபவர்களும் கடை ஊழியர்களும் ஊருக்குள் வீடு கிடைக்காமல் தவித்தார்கள். தடை செய்யும் அதிகாரம் இல்லாத நகராட்சி, நாள் வாடகையை விட்டு உள்ளூர்த் தொழிலாளிக்கு நீண்ட கால வாடகைக்குக் கொடுக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தது.

அதுவும் போதவில்லை. காரிலேயே தூங்கி எழுந்து வேலைக்குப் போகும் தொழிலாளர்களுக்கு, பாதுகாப்பாகக் கார் நிறுத்தித் தூங்க ஓரிடம் ஒதுக்குவதென்று 2024இல் செடோனா கவுன்சில் முடிவெடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் வாக்காளர்கள் அதையும் நிராகரித்தார்கள். ஒரு ஊரில் வேலை செய்பவருக்கு அந்த ஊரில் படுக்க இடம் கார்தான் என்ற நிலைக்கு, வீடு கட்டாமல் விட்டது உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் தன் தெருவில் நடப்பதைத் தானே தீர்மானிக்கும் அதிகாரம் செடோனாவுக்கு இருந்திருந்தால், நிலைமை முற்றும் முன் ஏதாவது செய்திருக்க முடியும். 2022இல் அரிசோனா மாநிலம் கொஞ்சம் இறங்கிவந்து, உரிமம் கேட்கவும் அபராதம் விதிக்கவும் நகரங்களுக்கு இடம் கொடுத்தது. எண்ணிக்கைக்கு வரம்பு போடும் அதிகாரத்தை மட்டும் தரவில்லை.

ஹவாய் எதிர்ப்பக்கமாக நடந்தது. ஹொனலுலு நகரம் 2022இல், நாள் வாடகைக்கான குறைந்தபட்சத் தங்கல் 30 நாள் என்றிருந்ததை 90 நாள் என்று உயர்த்தியது. அதுவரை 30 நாள் கணக்கில் சட்டப்படி வாடகைக்கு விட்டவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஏற்கெனவே சட்டப்படி நடந்துவரும் குடியிருப்புப் பயன்பாட்டை இப்படிப் பறிக்க மாநிலச் சட்டம் இடம் தரவில்லை என்று கூட்டரசு நீதிபதி டெரிக் வாட்சன் தடை விதித்தார். அந்தச் சட்டச் சிக்கலை அவிழ்த்துத்தான், 2024 மே மாதம், உள்ளாட்சிகள் நாள் வாடகையைப் படிப்படியாக நிறுத்தலாம் என்று ஹவாய் சட்டமன்றம் தெளிவுபடுத்தியது. ஆளுநர் ஜோஷ் கிரீன் கையெழுத்திட்டார். மாவியின் மசோதா 9 அந்தச் சட்டத்தின் மேல் நிற்கிறது. மாநிலம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அதிகாரம் யாரிடம் என்பதைத் தெளிவாக்கிவிட்டு, முடிவை ஊரிடம் விட்டுவிடுவது.

அந்த அதிகாரத்தை ஊர் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதிலும் கவனம் வேண்டும். நியூயார்க் நகரத்தின் ‘உள்ளூர்ச் சட்டம் 18’ 2023 செப்டம்பர் 5 முதல் கண்டிப்பாக அமலானது. 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட நகராட்சியில் பதிவு வேண்டும். வீட்டுக்காரர் உடன் தங்கியிருக்க வேண்டும். இரண்டு விருந்தினருக்கு மேல் கூடாது. பதிவில்லாத வீட்டுக்கு முன்பதிவு எடுத்தால் செயலி நிறுவனத்துக்கே அபராதம். இந்தக் கடைசி விதி மிகச் சரியானது. விதியை மீறுபவரைத் தேடித் தெருத் தெருவாக அதிகாரி அலைவதைவிட, பணம் கைமாறும் இடத்திலேயே தடுப்பது எளிது. கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரமும் இதே வழியில் போனது. செயலி நிறுவனங்கள் இணையச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரி வழக்காடியபோது, 2019இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

ஆனால் நியூயார்க் சட்டம் ஒரு பிழை செய்தது. புரூக்ளினிலும் குவீன்ஸிலும் இரண்டு குடித்தன வீடுகள் ஏராளம். மேல் மாடியில் உரிமையாளர் குடியிருப்பார். கீழ்த்தளம் தனிக் குடித்தனம். அதே கட்டடத்தில் அவர் இருந்தாலும், கீழ்த்தளத்தைப் பயணிக்குத் தனியாகக் கொடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஏனென்றால் அது தனி வீடு என்ற கணக்கு. வீட்டுக் கடன் தவணையை அந்த வருமானத்தில் கட்டிவந்த சாதாரணக் குடும்பங்கள், மன்ஹாட்டனில் இருபது வீடு வைத்திருந்த முதலீட்டாளரோடு ஒரே தராசில் நிறுத்தப்பட்டன. நீண்ட காலக் குடித்தனக்காரரை வைத்து, அவர் வாடகை தராமல் இழுத்தடித்தால் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும் என்று அஞ்சிக் கீழ்த்தளத்தைப் பூட்டியே வைத்திருப்பவர்களும் உண்டு. குடியிருப்பவருக்கு உரிய சலுகையை அவருக்கே மறுத்த சட்டம் திருத்தப்பட வேண்டும்.

நியூயார்க்கிலிருந்து இன்னொரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான வீடுகள் நாள் வாடகைப் பட்டியலிலிருந்து மறைந்த பிறகும் அங்கே வாடகை இறங்கவில்லை. இறங்காததில் வியப்பும் இல்லை. 2023இல் நகரம் எடுத்த கணக்கெடுப்பில், வாடகைக்குக் காலியாக இருந்த வீடுகள் 1.41 சதவீதம் மட்டுமே. 1968க்குப் பிறகு அவ்வளவு குறைவாக இருந்ததே இல்லை. பல லட்சம் வாடகை வீடுகள் உள்ள நகரத்தில், வருடக்கணக்காக வீடு கட்டாமல் விட்ட பற்றாக்குறையை நாள் வாடகைத் தடை ஒன்றே தீர்த்துவிடாது. அப்படித் தீர்க்கும் என்று மேடையில் வாக்குக் கொடுக்கும் அரசியல்வாதிகள் இந்தச் சட்டத்துக்கே கெட்ட பெயர் தேடித் தருகிறார்கள். சிறிய தீவிலும் மலையூரிலும் கணக்கு வேறு. அங்கே நிலம் குறைவு, வீடுகள் குறைவு. அதில் பெரும் பங்கைப் பயணிகள் எடுத்துக்கொண்டால் மிச்சம் இருப்பது ஊர்க்காரருக்குப் போதாது.

தெருவில் குடியிருப்பவர்களின் பாதுகாப்பும் இதில் அடக்கம். 2019 அக்டோபர் 31 இரவு, கலிபோர்னியாவின் ஒரிண்டா என்ற அமைதியான ஊரில், ஏர்பிஎன்பி மூலம் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விருந்துக்குக் கூடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். காட்டுத்தீப் புகையிலிருந்து தப்பிவரும் ஒரு குடும்பம் தங்கப்போகிறது என்றுதான் வீட்டுக்காரரிடம் சொல்லப்பட்டிருந்தது. அவர் உடன் இருந்திருந்தால் முதல் பத்து கார் வந்து நின்றபோதே கதவைச் சாத்தியிருப்பார். உரிமையாளர் உடன் இல்லாத நாள் வாடகையை ஒரிண்டா பிறகு தடை செய்தது.

பார்சிலோனா இதைவிடத் துணிச்சலாகப் போயிருக்கிறது. பத்தாண்டுகளில் வாடகை 68 சதவீதம் உயர்ந்துவிட்டது என்று சொல்லி, 2024 ஜூனில் மேயர் ஜவுமே கொல்போனி, நகரத்தில் உரிமம் பெற்ற 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமங்களும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்பட மாட்டா என்று அறிவித்தார். இதற்கு அடித்தளமான கட்டலோனியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொத்துரிமையின் பெயரால் எதிர்த்து வழக்கு வந்தது. 2025 மார்ச்சில் ஸ்பெயின் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. ஸ்பெயின் சாசனம் தனியார் சொத்தை அங்கீகரிக்கும் அதே பிரிவில், சொத்துக்குச் சமூகக் கடமை உண்டு என்றும் சொல்கிறது. வேறொரு பிரிவு வீட்டு வசதியைக் குடிமகனின் உரிமையாக்குகிறது. உரிமையாளர் கையில் வீடு அப்படியே இருக்கிறது. விற்கலாம், குடியிருக்கலாம், குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாம். போட்ட முதலைத் திரும்ப எடுக்க ஐந்தாண்டு அவகாசமும் இருக்கிறது.

இந்தக் கோடு இந்தியாவுக்கும் புதிதல்ல. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘இன்கிரெடிபிள் இந்தியா’ ஹோம்ஸ்டே திட்டத்தில் பதிவு செய்ய, உரிமையாளரின் குடும்பம் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். ஆறு அறைகளுக்கு மேல் கூடாது. சொத்துரிமை இங்கே 1978இல் 44ஆவது திருத்தத்தின் மூலம் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 300ஏ பிரிவின் கீழ் சட்ட உரிமையாகத் தொடர்கிறது. எனவே ஊட்டியும் கொடைக்கானலும் போன்ற மலையூர்களில், பெயருக்கு ஹோம்ஸ்டேயாகவும் நடப்பில் லாட்ஜாகவும் இருப்பதை வேறுபடுத்திப் பார்க்க உள்ளாட்சிக்குச் சட்டத் தடை பெரிதாக இல்லை. 2024 மே 7 முதல் அந்த இரண்டு ஊர்களுக்கும் போகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டிகளை எண்ணத் தொடங்கிய நிர்வாகம், அவற்றில் வருபவர்கள் தங்கும் வீடுகளையும் எண்ண வேண்டும்.

மாவிக்குத் திரும்பினால், அங்கே கொடுக்கப்போகும் விலையும் சிறியதல்ல. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வு நிறுவனம் 2025 மார்ச்சில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. மசோதா 9 முழுமையாக நடப்புக்கு வந்தால் 6,127 வீடுகள் குடியிருப்புக்குக் கிடைக்கும். தீவின் வீட்டு வசதி 13 சதவீதம் கூடும். அடுக்குமாடி வீடுகளின் விலை 20 முதல் 40 சதவீதம் வரை இறங்கலாம். அதே சமயம் பயணிகள் செலவிடும் பணத்தில் ஆண்டுக்குச் சுமார் 90 கோடி டாலர் குறையும். ஏறத்தாழ 1,900 வேலைகள் போகும். அறைகளைத் துடைத்துப் பெருக்கும் பெண்களும், பழுது பார்க்கும் தொழிலாளர்களும், சிறு கடைக்காரர்களும் அந்த 1,900இல் இருப்பார்கள். வீடு வேண்டும் என்று கேட்பவர்களும் பெரும்பாலும் இதே மனிதர்கள்தான்.

விலை 40 சதவீதம் வரை இறங்கக்கூடும் என்பதை வீட்டுக்காரர்கள் தங்கள் தரப்புச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது மறுபக்கத்துக்கும் சான்று. நாள் வாடகைக்கு விடலாம் என்ற அனுமதி மட்டுமே ஒரு வீட்டின் விலையை அவ்வளவு உயர்த்தியிருந்தால், அந்த உயர்வு அங்கேயே பிறந்து வளர்ந்த ஆசிரியரையும் தீயணைப்பு வீரரையும் செவிலியரையும் வீட்டுச் சந்தைக்கு வெளியே தள்ளியிருக்கிறது. அந்தக் கூடுதல் விலை ஊர் கொடுத்த அனுமதியில் விளைந்தது. அனுமதியை மாற்றிக்கொள்ளும் உரிமை ஊருக்கு இருக்கிறது. ஆனால் நேற்றுவரை அனுமதி கொடுத்த ஊர், அதை நம்பிக் கடன் வாங்கியவருக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில், மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ, கண்ணியமான ஒரு கால அவகாசம். தடையை ஒரே நாளில் கொண்டுவந்திருந்தால் மாவி நீதிமன்றத்தில் தோற்றிருக்கலாம். தோற்றிருந்தால் நீதிமன்றத்தைக் குறை சொல்லவும் முடியாது.

இனி மாவி கவுன்சில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. பட்டியலில் உள்ள கட்டடங்களில் சில, தொடக்கத்திலிருந்தே ஓட்டல் போலக் கட்டப்பட்டவை. கடலரிப்புக்கு மிக அருகில் இருப்பவை. ஒரே அறை கொண்டவை. பராமரிப்புக் கட்டணமே உள்ளூர்க் குடும்பத்தால் தாங்க முடியாதவை. அவற்றை ஓட்டல் மண்டலத்துக்கு மாற்றும் யோசனை கவுன்சிலில் இருக்கிறது. அதை வேகமாகவும் ஒளிவு மறைவில்லாமலும் முடிக்க வேண்டும். எந்தக் கட்டடம், எந்த அளவுகோலில் விலக்குப் பெறுகிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் செல்வாக்குள்ளவரின் கட்டடம் தப்பித்துவிடும். குடியிருக்கத் தகுந்த மற்ற வீடுகள் வெளியூர்ச் செல்வந்தரின் பூட்டிய விடுமுறை வீடுகளாக மாறிவிடாதபடி, ஆண்டு முழுவதும் காலியாகக் கிடக்கும் வீட்டுக்குச் சொத்து வரியை உயர்த்த வேண்டும். தான் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை விடும் மாவிக்காரருக்கு உரிமம் கொடுப்பதில் இழுத்தடிப்பு கூடாது. இழக்கப்போகும் 1,900 வேலைகளுக்கு மாற்று என்ன என்பதற்கு, அவகாசக் காலம் முடியும் முன்பே, லஹைனாவை மறுபடி கட்டும் பணிகளில் பயிற்சியும் இடமும் ஒதுக்கி வைக்க வேண்டும். மசோதா 9ஐ எதிர்த்து வழக்கு வந்தாலும், அது எப்படி முடிந்தாலும், இந்த வேலைகளைத் தொடங்க மாவி எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்கத் தேவையில்லை.